அக்கா வீட்டு பால்கனியும் முடிவிலிக் கோடும்: மூணு அலுமினியப் பட்டை வச்சு போட்டோல அளந்த கதை

நேத்து ராத்திரி அத்தான் ஒரு போட்டோ அனுப்பினார். பால்கனி முழுக்க பச்சைப் புல் மேட் விரிச்சிருக்கு, மூணு மூலை சுவரோட கச்சிதமா உக்காந்திருக்கு, நாலாவது மூலையில மட்டும் ஒரு செமீ இடைவெளி. மூணு மாசமா இழுத்துட்டிருந்த வேலை இது, அதான் மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

அக்கா வீடு திருநெல்வேலி, நான் இருக்கிறது கோயம்புத்தூர். மாடியில சின்ன பால்கனி, தோராயமா 2 மீட்டருக்கு 2 மீட்டர். மனை கோணலா இருந்ததால பால்கனியும் கோணலாத்தான் கட்டியிருக்காங்க, ஆனா அது அப்ப எனக்குத் தெரியாது. அக்கா ஒட்டு இல்லாம ஒரே பீஸா செயற்கைப் புல் வேணும்னு கேட்டா, இங்க கோயம்புத்தூர்ல விலை கம்மி, நானே வெட்டி பஸ் பார்சல்ல போடறேன்னு சொல்லிட்டேன். அவங்க ரெண்டு பேரும் டேப் பிடிச்சு நாலு பக்கமும் சொன்னாங்க: வாசல் பக்கம் 197, வலது 190, எதிர்ப்பக்கம் 206, இடது 214. எல்லாம் செமீ. நாலு பக்கம் தெரிஞ்சாச்சு, வாசல் இடது மூலை எப்படியும் 90 டிகிரி தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணி வெட்டச் சொன்னேன்.

போய் விரிச்சுப் பார்த்தா எதிர்ப்பக்க இடது மூலையில மேட் 22 செமீ சுவர் மேல ஏறுது, வலது மூலையில 22 செமீ சிமெண்ட் தரை பல்லை இளிக்குது. ₹2,700 போச்சு. கடைக்காரர் மேல தப்பே இல்ல, நான் சொன்ன மாதிரி தான் வெட்டினார். மூணு பக்கம் தெரிஞ்சா முக்கோணம் ஒண்ணு தான், நாலு பக்கம் தெரிஞ்சா நாற்கரம் எத்தனை வேணும்னாலும் வரும், கட்டில் சட்டம் லூஸானா சாயற மாதிரி சாயும். ஒரு மூலைவிட்டம் கேட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

சரி, அப்புறம் கேட்டேன். மூலைவிட்டத்துக்கு 271-னு ஒரு தடவை வந்துச்சு, அடுத்த தடவை 278, அதுக்கடுத்த தடவை 275. ரெண்டே முக்கால் மீட்டருக்கு டேப் தொய்யுது, மூலைக்குள்ள டேப் கொக்கி உக்கார மாட்டேங்குது, அக்கா ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டே அடுப்புல பால் வச்சிருக்கேன்னு ஓடிட்டா. அப்ப தான் போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்புங்க, நான் அதுலயே அளந்துக்கறேன்னு வீராப்பா சொல்லித் தொலைச்சேன்.

முதல் முயற்சி: சுவரை நம்பினது

சாய்வா எடுத்த போட்டோல தரையில இருக்கிற இணைகோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில போய் முட்டும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளி. அந்தத் தரையோட எல்லா திசைக்கும் உண்டான புள்ளிகளும் ஒரே நேர்கோட்டுல உக்காரும், அந்தக் கோடு தான் தரையோட முடிவிலிக் கோடு போட்டோல விழுந்திருக்கிற இடம். நிஜத்துல அது கைக்கு எட்டாது, போட்டோல மட்டும் ஒரு சாதாரண கோடு மாதிரி வந்து நிக்கும். அதைக் கண்டுபிடிச்சு மறுபடியும் முடிவிலிக்கே துரத்திட்டா போட்டோல இணைகோடு இணைகோடாயிடும், விகிதங்கள் நேராயிடும்.

நான் என்ன பண்ணேன்னா, பால்கனியோட எதிரெதிர் சுவர்களை இணைன்னு எடுத்துக்கிட்டு கோட்டை நீட்டி, ரெண்டு புள்ளி கண்டுபிடிச்சு, அதைச் சேர்த்து முடிவிலிக் கோடுன்னு வச்சு, மூலையெல்லாம் 90-னு சொல்லி போட்டோவை நிமித்தினேன். பளிச்சுனு அழகான செவ்வகம் வந்துச்சு. அரை மணி நேரம் சந்தோஷமா இருந்தேன், அப்புறம் தான் உறைச்சது, சுவர் இணைன்னு நான் சொன்ன பொய்யைத் தான் அது எனக்கே நேராக்கித் திருப்பிக் குடுத்திருக்கு. சிமெண்ட் தரை, டைல்ஸ் கோடு கூட கிடையாது. இணைன்னு சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ரெண்டு கோடு அந்த பால்கனியில எங்கயும் இல்ல.

அப்ப நாமளே இணைகோட்டைச் செஞ்சு அனுப்ப வேண்டியது தான்.

மூணு பட்டை

முக்கோணத்துல ரெண்டு பக்கத்தோட நடுப்புள்ளியைச் சேர்த்தா மூணாவது பக்கத்துக்கு இணையா இருக்கும், பள்ளிக்கூடத்துலயே படிச்சது தான். அப்ப ஒரு முக்கோணம் செஞ்சு மூணு பக்கத்துலயும் நடுப்புள்ளி குறிச்சுட்டா, மூணு ஜோடி இணைகோடு கைவசம். போட்டோல அந்த மூணு ஜோடியும் முட்டற மூணு புள்ளியும் ஒரே கோட்டுல விழணும், ரெண்டே போதும், மூணாவது நம்மள செக் பண்றதுக்கு. முக்கோண ஜியோமெட்ரிகாரங்க இந்தக் கோட்டை நடுக்கோட்டு மையத்தோட ட்ரைலீனியர் போலார்னு சொல்வாங்க, நிஜ முக்கோணத்துல அது தான் முடிவிலிக் கோடு. பேரு பெருசா இருக்கே தவிர செய்யறது ஸ்கேல் வச்சு கோடு நீட்டற வேலை தான்.

வாங்கினது: 25க்கு 3 மிமீ அலுமினிய ஃபிளாட் 12 அடி ஒரு லெங்த் ₹290 (துண்டு குடுக்க மாட்டேன்னுட்டாங்க), எம்5 போல்ட்டும் சிறகு நட்டும் மூணு செட் ₹45, 5 மிமீ டிரில் பிட் ₹60. பட்டைகளை 640, 840, 1040 மிமீ நீளத்துக்கு வெட்டி, ரெண்டு முனையிலயும் 20 மிமீ உள்ள தள்ளி ஓட்டை போட்டா ஓட்டைக்கு ஓட்டை 600, 800, 1000 வரும். மேஸ்திரிங்க மூலமட்டம் பார்க்க 3, 4, 5 கயிறு கட்டுவாங்களே அதே கணக்கு. 600ம் 800ம் சேர்ற மூலைக்கு ஏ, 600 முடியற இடம் பி, 800 முடியற இடம் சி. ஒரு போல்ட்டைக் கழட்டினா மூணு பட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா மடங்கிடும், பஸ் பார்சலுக்கு வசதி, அதுக்கு ₹80. சதுரமா செஞ்சிருந்தா போல்ட் டைட் பண்ணாலும் ஆடிக்கிட்டே இருக்கும், முக்கோணம் அப்படியே நிக்கும். மேட் விஷயத்துல எனக்கு உதைச்ச அதே விஷயம் இங்க எனக்காக வேலை செஞ்சுது.

ஓட்டை போடறதுல தான் கொஞ்சம் கஷ்டம். சென்டர் பஞ்ச் இல்லாம டிரில் வச்சேன், பிட் வழுக்கி ஓட்டை அரை மில்லி நகர்ந்துடுச்சு. ஆணியை வச்சு ஒரு தட்டு தட்டி பள்ளம் பண்ணிட்டு அடுத்ததெல்லாம் போட்டேன், சரியா வந்துச்சு. மூலைக்கும் நடுப்புள்ளிக்கும் கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட ஸ்டிக்கர், ஒரு ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டினேன். வட்டப் பொட்டை விட நாலு கட்டம் சந்திக்கிற மூலை பெட்டர், பெருசாக்கிப் பார்க்கும்போது எந்த இடம்னு குழப்பம் வராது.

0.875

பார்சல் போய்ச் சேர்ந்து அத்தான் முதல் போட்டோ வாட்ஸப்ல அனுப்பினார். 1600க்கு 1200 ஆ சுருங்கி வந்துச்சு. டாக்குமெண்டா அனுப்புங்கன்னு சொல்லி மறுபடி வாங்கினேன், 4000க்கு 3000. இந்த இடத்துல சோம்பேறித்தனம் கூடாது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல மூணு கோட்டையும் நீட்டிப் பார்த்தேன், மூணு புள்ளியும் ஒரு கோட்டுல வரவே இல்ல, ரொம்ப தூரம் தள்ளித் தள்ளி நிக்குது. லென்ஸ் பிரச்சனையா, க்ளிக் பண்ணதுல தப்பான்னு ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் சீவா தேற்றம் ஞாபகம் வந்துச்சு, இப்ப பத்தாம் வகுப்பு புக்லயே இருக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுப்புள்ளி எந்த விகிதத்துல பிரிக்குதோ அந்த மூணு விகிதத்தையும் சுத்தி வரிசையாப் பெருக்கினா நடுக்கோடுகளுக்கு 1 வரணும். இதுல அழகு என்னன்னா, சாய்வா போட்டோ எடுத்தா ஒவ்வொரு விகிதமும் தனித்தனியா மாறும், ஆனா பெருக்கல் மட்டும் மாறவே மாறாது, ஒண்ணுல கூடினது இன்னொண்ணுல அடிபட்டுப் போயிடும். அதாவது போட்டோல என்ன பெருக்கல் வருதோ அது தான் தரையில இருக்கிற நிஜப் பட்டையோட பெருக்கல்.

போட்டு பார்த்தேன். 0.874 வந்துச்சு. கிளிக் தப்புல இவ்ளோ விலகாது. 0.875-னா எட்டுல ஏழு. எட்டுல ஏழுன்னா 280க்கு 320. 280ம் 320ம் சேர்ந்தா 600! அந்தச் சின்னப் பட்டையில நான் 300-ஐ ஓட்டையில இருந்து அளக்காம பட்டை முனையில இருந்து அளந்திருக்கேன், 20 மிமீ அதுலயே போச்சு. மத்த ரெண்டு பட்டையும் சரியா அளந்திருக்கேன், இது மட்டும் கடைசியா அவசரத்துல ஒட்டினது.

ராத்திரி 11 மணிக்கு போன் போட்டேன். "அத்தான், அந்தச் சின்னப் பட்டையில நடு ஸ்டிக்கரை பி பக்கமா 20 மில்லி தள்ளி ஒட்டுங்க."

"ஏன் மாப்ளே, நீ தானே ஒட்டி அனுப்புன?"

"தப்பா ஒட்டிட்டேன்."

"அதை போட்டோ பாத்தா கண்டுபிடிச்ச?" கொஞ்ச நேரம் சத்தம் இல்ல, டேப் இழுக்கற சத்தம் மட்டும். "ஆமா மாப்ளே, 280 தான் இருக்கு."

இந்த மொத்த ப்ராஜெக்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச நிமிஷம் இது தான், மேட் சரியா உக்காந்தது கூட இவ்ளோ சந்தோஷம் இல்ல.

அத்தானோட ஒழுங்கு

அடுத்த போட்டோ. ஸ்டிக்கர் சரி, பெருக்கல் 1.001. ஆனா ஸ்க்ரிப்ட் ஓட்டினா ஒரு புள்ளி போட்டோல இருந்து ரெண்டு லட்சம் பிக்சல் வலது பக்கம் போய் நிக்குது, அடுத்த போட்டோல அதே புள்ளி இடது பக்கம் இரண்டரை லட்சம். என்னன்னு பார்த்தா அத்தான் முக்கோணத்தை வாசல்படிக்கு நேரா, ஸ்கேல் வச்ச மாதிரி வச்சிருக்கார். மனுஷன் எதையும் கோணலா வைக்க மாட்டார். அந்த 600 பக்கம் கேமராவுக்கு நேர் குறுக்க இருக்கிறதால போட்டோலயும் அது இணையாவே நிக்குது, அந்த ஜோடி போட்டோலயும் எங்கயும் முட்டாது. நான் எழுதின பைத்தான் ஸ்க்ரிப்ட்ல சாய்வு கண்டுபிடிச்சு வகுக்கற பழைய முறை, கிட்டத்தட்ட பூஜ்யத்தால வகுத்துட்டிருக்கு.

சரி பண்ண ரெண்டு வழி. புள்ளியையும் கோட்டையும் மூணு மூணு எண்ணா வச்சுக்கிட்டு குறுக்குப் பெருக்கல் (வெக்டார் கிராஸ் ப்ராடக்ட்) போட்டா வகுத்தலே வராது, மூணாவது எண் பூஜ்யமானா அந்தப் புள்ளி முடிவிலிக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், கணக்கு நிக்காது. அதை மாத்தி எழுதிட்டேன். ஆனா அதை விட சுலபமான வழி, முக்கோணத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கறது. "அத்தான், ஒரு 25 டிகிரி கோணலா வைங்க" என்றேன். அவருக்குப் பிடிக்கல, ஆனா வச்சார்.

நடுவுல இன்னொரு கூத்து, பால்கனி முழுசா விழணும்னு அவர் 0.5 எக்ஸ் போட்டு எடுத்துட்டார். அந்த வைட் லென்ஸ்ல நேர்கோடே நேரா இல்ல, 600 பட்டையோட நடுப்புள்ளி ரெண்டு முனையைச் சேர்த்த கோட்டுல இருந்து 14 பிக்சல் விலகி நிக்குது. நேர்கோடு வளைஞ்சா இங்க சொல்ற எதுவும் வேலை செய்யாது. 1 எக்ஸ்ல, வாசலுக்குள்ள ஒரு மீட்டர் பின்னால நின்னு, நெஞ்சு உயரத்துல எடுக்கச் சொன்னேன். போன் உயரம் தரையில இருந்து 150 செமீ, அதையும் அளந்து சொல்லச் சொன்னேன், நல்லவேளை.

கணக்கு நிஜமா ஓடினது

நல்லா வந்த ஒரு போட்டோவோட எண்களை அப்படியே தர்றேன். ஏ (1844, 2253), பி (2624, 1975), சி (1478, 1580), எல்லாம் பிக்சல், மேல் இடது மூலையில இருந்து. நிஜத்துல பாதி பாதியா இருக்கிற பட்டைகள் போட்டோல எப்படிப் பிரியுதுன்னு பார்த்தா, ஏபி 1.108க்கு 1, ஏசி 1.309க்கு 1, பிசி 1.181க்கு 1. கிட்ட இருக்கிற பாதி பெருசு, தூரத்துப் பாதி சின்னது. 1.309-ஐ 1.108-ஆல வகுத்தா 1.181, பிசி விகிதம் அப்படியே வருது, சந்தோஷம். இப்ப மூலைகளுக்கு எடை குடுத்துக்கலாம்: ஏ-க்கு 1, பி-க்கு 1.108, சி-க்கு 1.309. இனி போட்டோ பூராவுக்கும் இந்த மூணு எண் தான் சாவி.

எதிர்ப்பக்க இடது மூலையை எடுத்துக்குங்க, நம்மள சுவர்ல ஏத்தின அதே மூலை. போட்டோல (1326, 1023). அதை ஏ, பி, சி மூணோட கலவையா எழுதினா −0.923, 0.162, 1.761 (கூட்டினா 1). ஒவ்வொண்ணையும் அதோட எடையால வகுக்கணும்: −0.923, 0.146, 1.346. இப்ப கூட்டுத்தொகை 1 இல்ல, 0.569. அந்த 0.569-ஆல மூணையும் வகுத்தா −1.622, 0.257, 2.365. முடிஞ்சுது, ஏ-ல இருந்து பி பக்கமா 0.257 தடவை 600, அதாவது 154 மிமீ, சி பக்கமா 2.365 தடவை 800, அதாவது 1892 மிமீ. அந்த மூலை நிஜத் தரையில இருக்கிற இடம் அது.

அந்த 0.569-ஐ கொஞ்சம் பாருங்க. ஏ மூலையில அந்தக் கூட்டுத்தொகை 1. கேமராவுக்குக் கிட்ட இருக்கிற வாசல் வலது மூலையில 1.158. தள்ளிப் போகப் போகத் தேயுது, எதிர்ச்சுவர் மூலையில 0.569, அதுக்கு மேல பக்கத்து வீட்டு மாடி, தென்னை மரம்னு போட்டோல மேல போகப் போக இன்னும் தேஞ்சு, போட்டோவோட மேல் விளிம்பையும் தாண்டி 600 பிக்சல் மேல ஒரு கோட்டுல பூஜ்யமாயிடும். அங்க வகுக்க முடியாது. அந்தக் கோடு தான் முடிவிலிக் கோடு. நிஜ முக்கோணத்துல மூணு எண்ணைக் கூட்டினா பூஜ்யம் வர்ற இடம் முடிவிலிக் கோடு, போட்டோல எடையால வகுத்துட்டுக் கூட்டினா பூஜ்யம் வர்ற இடம், அவ்ளோ தான் வித்தியாசம். மூணு ஜோடி இணைகோடும் அந்தக் கோட்டுல முட்டற இடங்கள் கிடைமட்டத்துல 9854, 292, −4852. மூணுமே போட்டோவுக்கு வெளிய, நான் நாலு மடங்கு பெரிய வெள்ளை கேன்வாஸ் போட்டு நடுவுல போட்டோவை ஒட்டித் தான் வரைஞ்சு பார்க்க முடிஞ்சுது.

இங்க தான் அந்தப் பிக்சல் விஷயம். ஏபி-யோட நடுப்புள்ளியை ஒரே ஒரு பிக்சல் தள்ளி க்ளிக் பண்ணா அந்த 9854 கிட்டத்தட்ட 380 பிக்சல் நகருது. 1.108-ல 1-ஐக் கழிச்சா மிஞ்சறது 0.108 தானே, அந்தத் துளியால வகுக்கறோம். வாட்ஸப்ல சுருங்கின போட்டோவை வச்சு மாரடிச்சிருந்தா ஒரு பிக்சல் தப்பு இரண்டரை பிக்சல் தப்பாயிருக்கும்.

ஒரு உபரி லாபம். ஏ மூலை 90 டிகிரிங்கறதால ஏபி, ஏசி ரெண்டோட மறையும் புள்ளியை (அதான், இணைகோடுகள் முட்டற புள்ளி) வச்சு கேமராவோட ஃபோகல் லெங்த்தே கிடைச்சிடும். போட்டோ மையத்துல இருந்து ஒண்ணு வலது 7854, இன்னொண்ணு இடது 1708, ரெண்டும் மேல 2101. 7854-ஐ 1708-ஆல பெருக்கி அதுல 2101 வர்க்கத்தைக் கழிச்சு ஸ்கொயர் ரூட் போட்டா 3000 பிக்சல். போன் கம்பெனி சொல்ற 26 மிமீ-ஐ பிக்சலுக்கு மாத்தினா 3004. ஒரு அலுமினியப் பட்டை போன் லென்ஸைப் பத்தி இவ்ளோ சொல்லும்னு நான் எதிர்பார்க்கல. இது தேவையே இல்லாத கணக்கு, ஆனா ரெண்டும் பொருந்தினதும் இனி நம்பலாம்னு ஒரு தைரியம் வந்துச்சு.

9 மில்லி

அஞ்சு போட்டோ, முக்கோணத்தை ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வச்சு. வாசல் வலது மூலையில இருந்து எதிர்ப்பக்க இடது மூலைக்கு மூலைவிட்டம்: 2719, 2748, 2731, 2744, 2738 மிமீ. சராசரி 2736. டேப்ல வந்த 271, 275, 278க்கு நடுவுல தான் இருக்கு, ஆனா பக்க அளவுகளையும் இதே போட்டோல பார்த்தா எல்லாமே டேப்பை விடக் கொஞ்சம் கொஞ்சம் கம்மி. வாசல் பக்கம் 197-க்கு பதிலா 195.8. எல்லாமே ஒரே மாதிரி கம்மின்னா அது க்ளிக் தப்பு இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல போகும்போது தான் தோணுச்சு. முக்கோணம் தரையில இல்ல. அடியில போல்ட் தலை இருக்கு, அதுக்கு மேல பட்டை, மூலையில பட்டை மேல பட்டை. ஸ்டிக்கர் இருக்கிற மேல்பரப்பு சராசரியா தரைக்கு 9 மிமீ மேல நிக்குது. கேமரா 1500 மிமீ உயரத்துல இருக்கு, முக்கோணம் 9 மிமீ கிட்ட வந்தா அது கொஞ்சம் பெருசாத் தெரியும், அதை அளவுகோலா வச்சா தரையில இருக்கிறதெல்லாம் கொஞ்சம் சின்னதாத் தெரியும். 1491-க்கு 1500. 2736-ஐ அதால பெருக்கினா 2752 மிமீ. வாசல் பக்கம் 195.8 அப்படியே 197 ஆயிடுச்சு. போன் உயரத்தை அளக்கச் சொன்னது நல்லவேளைன்னு சொன்னேனே, இதுக்குத் தான்.

இன்னொரு மூலைவிட்டம் திருத்தின பிறகு 2944. வாசல் இடது மூலை கோணம் 84 டிகிரி! நான் 90-னு அடிச்சு விட்ட மூலை. அந்த 6 டிகிரிக்கு 214 செமீ தள்ளிப் போனா 22 செமீ, முதல் மேட்ல வந்த அதே 22.

நாலு பக்கம், ரெண்டு மூலைவிட்டம், ஆறு எண்ணையும் ஒரு தாள்ல எழுதி அனுப்பினேன். ஒரு மூலைவிட்டமே போதும், ரெண்டாவது வெட்டறதுக்கு முன்னாடி சரிபார்க்க. இந்த தடவை மேட் அங்கேயே திருநெல்வேலியில வாங்கி அத்தானே மொட்டைமாடியில விரிச்சு, சாக்பீஸும் நூலும் வச்சு குறிச்சு, பேப்பர் கட்டர் பிளேடால பின்பக்கம் திருப்பி வெட்டினார். புல் பக்கமா வெட்டினா ஓரம் பிய்ஞ்சிடும். பரப்பு 43.6 சதுர அடி, அவர் 50 அடிக்கு வாங்க வேண்டி வந்துச்சு, ₹3,000. வெட்டிட்டு விரிச்சப்ப அக்காவை ஒரு பக்கம் அசையாம உக்கார வச்சு, மேட்டுக்கு மேலயே டேப்பை இழுத்துப் பிடிச்சு அளந்து பார்த்தார், 275.8. என் கணக்கு 275.2. அந்த ஒரு செமீ இடைவெளி என்னோடதா பிளேடோடதான்னு சண்டை இன்னும் முடியல.

பட்டை, போல்ட், பிட், பார்சல் எல்லாம் சேர்த்து ₹475. நல்ல லேசர் மீட்டர் ஒண்ணோட விலையில பாதி கூட வராது, ஆனா மூணு மாசமும் முதல் மேட்டும் கணக்குல சேர்த்தா வாயை மூடிக்கறது நல்லது.

அடுத்த தடவை செஞ்சா முதல்ல பெருசா செய்வேன், 900, 1200, 1500. இந்த முக்கோணம் பால்கனியோட நடுவுல ஒரு துண்டு தான் பிடிச்சது, மூலையெல்லாம் அதுக்கு வெளிய, வெளிய போகப் போக தப்பு பெருகுது. அஞ்சு போட்டோல 29 மில்லி வித்தியாசம் வந்தது அதனால தான். போல்ட்டுக்கு பதிலா ரிவெட் அடிச்சு அடிப்பக்கத்தை சமமாக்கிடுவேன், இல்லன்னா ஸ்டிக்கரை பட்டை மேல ஒட்டாம ஓட்டை வழியா தரையிலயே சாக்பீஸால புள்ளி வச்சுட்டு முக்கோணத்தை எடுத்துட்டு போட்டோ எடுக்கச் சொல்வேன். எழுதும்போது தான் தோணுது, அது தான் சரியான வழி, 9 மில்லி பிரச்சனையே வராது. நடுப்புள்ளியிலயும் ஸ்டிக்கருக்கு பதிலா 2 மிமீ ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை அளந்து.

டெசார்க்னு பிரான்ஸ்ல லியான் ஊர்க்காரர் ஒருத்தர், இணைகோடுகளும் முடிவிலியில சந்திக்கும்னு வச்சு 1639-ல எழுதினவர், அடுத்த வருஷமே 1640-ல கல்லு வெட்டறவங்களுக்காக ஒரு சின்ன வழிகாட்டி போட்டார். இந்த ஜியோமெட்ரி வானத்துல இருந்து குதிச்சதுன்னு நினைச்சுட்டிருந்த எனக்கு அதை எழுதினவரே கொத்தனார் பக்கம் நின்னவர்னு தெரிஞ்சப்ப, பால்கனிக்கு அதைத் தூக்கிட்டுப் போனது ஒண்ணும் தப்பில்லன்னு பட்டுச்சு.

பட்டையை அடுத்த பஸ்ல திருப்பி அனுப்புங்கன்னு அத்தான்கிட்ட கேட்டேன், ஹால்ல டிவி ஸ்டாண்டுக்கு அளக்கணும். இல்லையாம், பக்கத்து மனையில வேலை பார்க்கிற மேஸ்திரி மூலமட்டம் பார்க்க வாங்கிட்டுப் போயிருக்காராம், நடுவுல இந்த ஸ்டிக்கர் எதுக்கு சார்னு கேட்டாராம், "அது என் மச்சினன் சமாச்சாரம், பிச்சுடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கார்.